கைதிக்குக் கல்லூரியா?

"ஜெயிலில் கிடக்கிறவனுக்கு சர்வகலாசாலைப் படிப்பு ஒரு கேடா?" என்று கேட்கிறவர்கள் நம் நாட்டில் ஏராளமாக இருக்கின்றார்கள். இப்படிக் கேட்பவர்கள் எழுத்து வாசனை இல்லாதவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒன்றுக்கு இரண்டாகப் பட்டம் வாங்கியவர்களும், அந்தப் பட்டத்தைக் காட்டி உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களும், பிள்ளைகளை டாக்டருக்கும் இஞ்சினீயருக்கும் படிக்க வைத்துச் சீமைக்கு அனுப்பினவர்களுமே முந்திக்கொண்டு கேட்கின்றார்கள். படிப்பின் ருசி தெரிந்தவன், பிறத்தியான் படிக்கலாகாது என்று சொல்வது இந்த நாட்டில் நேற்று முளைத்த வழக்கமல்ல. ஆதலால் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆத்திரம் மாத்திரம் இருக்கின்றது.

தோழர்களே! கௌதம தர்ம சூத்திரம் என்று ஒரு சட்டப் புஸ்தகம் உண்டு. சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டுவிட்டால் அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும், வாயால் சொன்னால் நாக்கை அறுக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கின்றார்கள். திருடினதற்கோ கொலை செய்ததற்கோ விதித்த தண்டனை அல்ல இது. காதில் விழுந்ததற்கு விதித்த தண்டனை. அதாவது ஒரு காலத்தில் படிப்பதே குற்றமாக இருந்தது. இன்றைக்கோ, குற்றம் செய்தவன் படிக்கக்கூடாது என்கின்றார்கள். வார்த்தைகள் இடம் மாறியிருக்கின்றனவே ஒழிய சங்கதி மாறவில்லை. யார் படிக்கலாம், யார் படிக்கக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் தங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கதி.

இது வீண் பழி என்பவர்கள், ஜெயிலுக்குள் இருப்பது யார் என்று கணக்குப் பார்க்கட்டும். 2019-ம் வருஷக் கடைசியில் இந்தியாவின் ஜெயில்களில் இருந்தவர்கள் 4,78,600 பேர். இவர்களில் தாழ்த்தப்பட்டவர்கள் 99,273, பழங்குடி மக்கள் 53,336, பிற்படுத்தப்பட்டவர்கள் 1,62,800. மூன்றையும் கூட்டினால் 3,15,409, அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இது நாம் கற்பித்துச் சொல்லும் கணக்கல்ல. 2021-ல் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் வைத்த கணக்கு. எந்த வீட்டுப் பிள்ளைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினார்களோ, அந்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுதான் ஜெயில் நிரம்பிக் கிடக்கின்றது.

உடனே நம் வைதீகர்கள், "பார்த்தீர்களா, பிறவிக் குணம்! பூர்வ ஜன்ம கர்மம்!" என்பார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவன், ஜாமீனுக்கு நிற்க ஆள் இல்லாதவன், போலீஸ்காரர் எழுதின காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கைநாட்டு வைத்தவன் உள்ளே இருக்கின்றான். இவையெல்லாம் உடையவன் வெளியே இருக்கின்றான். இதில் பூர்வ ஜன்மம் எங்கிருந்து வந்தது? 2022 கடைசியில் ஜெயிலில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்கள் குற்றவாளிகள் என்று அன்றைக்கு எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை. "குற்றவாளிக்குப் படிப்பா?" என்று கேட்கும் கனவான், நாலு பேரில் மூன்று பேர் விஷயத்தில் ஜட்ஜுக்கு முன்னாலேயே தாம் தீர்ப்பு எழுதிவிடுகின்றார்.

நிற்க. நம் ஜில்லா சமாச்சாரத்துக்கு வருவோம். கடலூரில் கேப்பர் மலை மேல் மத்திய ஜெயில் இருக்கின்றது, வெள்ளைக்காரன் காலத்தது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த சுப்பிரமணிய பாரதியாரைப் பிடித்து டிசம்பர் நடு வரையில் கடலூர் ஜெயிலில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக் கடலூர்க்காரர்கள் பெருமைப்படுகின்றார்கள், படட்டும். ஆனால் எழுதத் தெரிந்த ஒரு கைதி சில வாரம் இருந்துவிட்டுப் போன இடத்தில், எழுதத் தெரியாத எத்தனை ஆயிரம் பேர் வருஷக் கணக்காக இருந்து, எழுதத் தெரியாமலே வெளியே போனார்கள் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

அங்கிருந்து தெற்கே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் போனால், வெள்ளாற்றைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்குள் சிதம்பரம். அங்கே அண்ணாமலை சர்வகலாசாலை. 1920-ல் மீனாட்சி கல்லூரியாக ஆரம்பித்து, 1929-ல் சர்வகலாசாலை ஆனது. 1979-ல் தபால் மூலம் படிக்கும் ஏற்பாடு வந்தது. பகலில் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தாவும், பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு ராத்திரியில் புஸ்தகம் எடுக்கும் தாயும் பட்டம் வாங்கலாம் என்று ஆயிற்று. பிறகு பணக் கஷ்டமும் நிர்வாகக் கோளாறும் சேர்ந்து, 2013-ல் சர்க்கார் சட்டம் செய்து அதைத் தன் கையில் எடுத்துக் கொண்டது. ஆகவே ஜெயிலும் சர்க்காருடையது, சர்வகலாசாலையும் சர்க்காருடையது. ஜெயிலருக்கும் புரொபசருக்கும் ஒரே கஜானாவிலிருந்து சம்பளம். சிதம்பரத்தில் தேவைக்கு மேல் ஆசிரியர்களும் சிப்பந்திகளும் இருக்கிறார்கள் என்று சொல்லி, சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு பல பேரை மற்ற ஊர்க் கல்லூரிகளுக்கும் ஆபீசுகளுக்கும் மாற்றினார்கள். அந்த உத்தரவில் "கேப்பர் மலைக்கு நாலு பேர்" என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

சிதம்பரம் என்றவுடன் நந்தன் கதை ஞாபகம் வருகின்றது. ஆதனூர்ப் பறைச்சேரியில் பிறந்த நந்தன் கோயிலுக்குள் போக வேண்டுமானால் முதலில் நெருப்புக்குள் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்களாம். நெருப்பிலிருந்து பூணூலும் சடையுமாக வேறு ஆளாக எழுந்த பிறகே உள்ளே விட்டார்களாம். பெரிய புராணம் இப்படிச் சொல்லுகின்றது. ஏழைக்கு நிபந்தனை எப்போதும் இப்படித்தான் இருக்கும். கைதிக்கும் இதே நிபந்தனைதான் சொல்லுகின்றார்கள்: "முதலில் திருந்தி வா, பிறகு படிக்கலாம்" என்பதாக. எதைக் கொண்டு திருந்துவது? அதே சிதம்பரத்தில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தன் பேரால் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். அவர் காவி கட்டினவர். கடவுள் விஷயத்தில் அவருக்கும் நமக்கும் ஒத்துவராது. இருந்தாலும் என்ன, நந்தனுடைய பிள்ளைகளிடம் அவர் நெருப்பைக் காட்டவில்லை, சிலேட்டைக் கொடுத்தார். சிலேட்டு வேலை செய்தது.

இனி ஆட்சேபணைகளைப் பார்ப்போம். "யோக்கியமான ஏழைப் பிள்ளை பணம் கட்டிப் படிக்கிறான், கொலைகாரனுக்கு இனாமா?" என்பது முதல் ஆட்சேபணை. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கின்றது. இதை எழுதுகிறவன் கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. வாசகசாலைப் பெஞ்சில் உட்கார்ந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தவன். பொறாமைப்பட வேண்டுமானால் நமக்குத்தான் முதல் பாத்தியதை. ஆனால் நமக்குப் படிப்புக் கிடைக்காதபடி செய்தவன் கேப்பர் மலைக் கைதியா? கல்லூரிச் சம்பளத்தை ஏற்றினவன் அவனா? தபால் மூலம் பாடம் படிக்கும் கைதியால் வெளியே ஒரு நாற்காலியும் குறையப் போவதில்லை. ஏழைப் பிள்ளைக்கு இனாமாகப் படிப்பு வேண்டும் என்று இந்தக் கனவான்கள் ஒரு மகஜர் எழுதட்டும். முதல் கையெழுத்து நம்முடையது. அந்த மகஜர் எழுதமாட்டார்கள். கைதியைத் தடுக்க வேண்டும் என்ற போது மாத்திரம் ஏழைப் பிள்ளையின் ஞாபகம் அவர்களுக்கு வருகின்றது.

"படித்தால் இன்னும் பெரிய திருடனாவான்" என்பது இரண்டாவது. பாங்கியிலே கோடிக்கணக்கில் கடன் வாங்கிச் சீமைக்கு ஓடினவர்கள் கைநாட்டுப் பேர்வழிகளா? இதற்கு மேல் இந்த ஆட்சேபணைக்குப் பதில் வேண்டியதில்லை.

மூன்றாவது ஆட்சேபணைதான் கனமானது. "கொலையுண்டவன் வீட்டில் தாலியறுத்தவள் இருக்கிறாள், அவள் பிள்ளை படிக்க வழியில்லை, கொன்றவன் பி.ஏ. ஆவதா?" என்கின்றார்கள். அந்த அம்மாளுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவளுக்கு நஷ்டஈடும், அவள் பிள்ளைக்குப் படிப்பும் சர்க்கார் கொடுக்க வேண்டும். கைதியின் படிப்பைக் காட்டி அதைத் தட்டிக் கழிக்கவும் கூடாது. ஆனால் கொன்றவன் மூடனாகவே இருந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும்? தண்டனை முடிந்து அவன் வந்து இறங்குவது அதே ஊர், அதே தெருவில்தான். கையில் ஒரு தொழிலோடும் தலையில் கொஞ்சம் யோசனையோடும் வந்தால் அந்தத் தெருவுக்கு நல்லதா, இரண்டும் இல்லாமல் பழைய பகையோடு மாத்திரம் வந்தால் நல்லதா? கோர்ட்டு விதித்தது சுதந்திரத்தைப் பறிக்கும் தண்டனை. "இவன் இன்றுமுதல் ஒன்றும் தெரிந்துகொள்ளக் கூடாது" என்று எந்த ஜட்ஜும் தீர்ப்பில் எழுதுவதில்லை.

எழுதுவது மாத்திரமல்ல, நேர்மாறாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றார்கள். 1960-களில் பம்பாய் ஜெயிலில் காவலில் இருந்த பிரபாகர் பாண்டுரங்க சன்ஸ்கிரி என்பவர் அணுவின் உட்புறத்தைப் பற்றி மராத்தியில் ஒரு சயன்ஸ் புஸ்தகம் எழுதினார். அதை அச்சுக்கு வெளியே அனுப்பக்கூடாது என்று சர்க்கார் தடுத்தது. அணுவைப் பற்றி மராத்தியில் எழுதினால் சர்க்கார் கவிழ்ந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ! சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1965-ல் அனுப்பலாம் என்று தீர்ப்பாயிற்று. 1978-ல் சுனில் பத்ரா வழக்கிலும், ஜெயில் வாசலில் அடிப்படை உரிமைகள் கழன்று விழுந்துவிடுவதில்லை என்று அதே கோர்ட்டு சொல்லிற்று.

படித்த கைதி என்ன ஆனான் என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கின்றது. 1991-ல் பத்தொன்பது வயதில் பிடிபட்ட பேரறிவாளன், ஜெயிலில் இருந்தபடியே 2012-ல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் 1200-க்கு 1096 மார்க் வாங்கினார். இந்திரா காந்தி திறந்தநிலை சர்வகலாசாலை மூலம் கம்ப்யூட்டர் படிப்பில் பட்டமும் மேல்பட்டமும் பெற்றார். 2022 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தபோது, ஜெயிலில் அவர் பெற்ற படிப்பையும் ஒரு காரணமாக எடுத்துச் சொல்லிற்று. அவர் வழக்கைப் பற்றி யார் என்ன அபிப்பிராயம் வைத்திருந்தாலும் இருக்கட்டும். தூக்குத் தண்டனை தலைக்கு மேல் தொங்கும்போது ஒரு மனிதன் பாடம் படித்திருக்கின்றான் என்பதை மறுக்க முடியுமா?

வெளிநாட்டு அத்தாட்சி கொடுத்தால்தான் நம்மவர்கள் நம்புவார்கள். ஆகையால் அதையும் கொடுக்கின்றோம். அமெரிக்காவில் கைதிகளின் கல்லூரிப் படிப்புக்குக் கிடைத்த சர்க்கார் உபகாரச் சம்பளத்தை 1994-ல் நிறுத்தினார்கள். ஜெயில் கல்லூரிகள் அநேகமாக எல்லாம் மூடப்பட்டன. பிறகு 2013-ல் ராண்டு என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கெடுத்தது. ஜெயிலில் ஏதாவது ஒரு படிப்புப் படித்தவர்கள் மறுபடியும் குற்றத்தில் விழும் வாய்ப்பு, படிக்காதவர்களைவிட நூற்றுக்கு 43 குறைவு என்றும், படிப்புக்கு ஒரு டாலர் போட்டால் மறுபடி ஜெயிலில் வைத்துச் சோறு போடும் செலவில் நாலைந்து டாலர் மிச்சம் என்றும் கண்டது. 2023 ஜூலையில் அந்த உபகாரச் சம்பளத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். இருபத்தொன்பது வருஷம் கழித்து வந்த புத்தி! 2015-ல் நியூயார்க் மாகாணத்து ஜெயில் ஒன்றில் பார்டு கல்லூரிப் பாடம் படித்த கைதிகள், தர்க்கப் போட்டியில் ஹார்வர்டு சர்வகலாசாலை மாணவர்களைத் தோற்கடித்தார்கள். ஹார்வர்டுக்காரனுக்கு உலகமெல்லாம் விரல் நுனியில். கைதிகளுக்கு இண்டர்நெட் கிடையாது. பிரேசில் தேசத்திலே, ஒரு புஸ்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக் காட்டினால் நாலு நாள் தண்டனை குறையும். வருஷத்துக்குப் பன்னிரண்டு புஸ்தகம், நாற்பத்தெட்டு நாள் வரைக்கும்.

தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா ஜெயிலில் இருந்து சட்டம் படித்தார். அவர் ரகசியமாகத் தம் சரித்திரம் எழுதுவதை 1977-ல் கண்டுபிடித்த வெள்ளைக்கார அதிகாரிகள், அவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் தெரியுமா? நாலு வருஷம் படிக்கும் உரிமையைப் பிடுங்கினார்கள். படிப்பைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவனுக்குத் தெரிந்திருக்கின்றது. நம்மவர்களோ அதே தண்டனையை விசாரணை கூட முடியாதவனுக்கு, தண்டனை என்ற பேர் கூட வைக்காமல் கொடுத்துக் கொண்டிருக்கின்றார்கள்.

"நாங்கள் சும்மா இல்லை, கைதிகளைத் திருத்த யோகம், தியானம், ஆன்மீகப் பிரசங்கம் எல்லாம் நடத்துகிறோம்" என்று சில பக்திமான்கள் சொல்லுவார்கள். 1994-ல் டெல்லி திகார் ஜெயிலில் ஆயிரம் கைதிகளுக்கு மேல் உட்கார வைத்துத் தியானம் நடத்தினதை உலகமெல்லாம் புகழ்ந்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை நாம் தடுக்கவும் வரவில்லை. ஆனால் கண் திறக்க வேண்டியவனிடம் போய்க் கண்ணை மூடு என்று சொல்வதுதானா முதல் வேலை? மனதை அடக்கச் சொல்லுகிறவர், அவன் மேல் போட்டிருக்கும் சார்ஜ் ஷீட்டை வாசிக்கச் சொல்லிக் கொடுப்பாரா? "எல்லாம் விதி" என்று பிரசங்கம் கேட்டுத் தலையாட்டுகிறவன் ஜெயில் அதிகாரிக்குச் சௌகரியமான கைதியாக இருப்பான். அப்பீல் எப்படிப் போடுவது என்று கேட்கிறவன் அவ்வளவு சௌகரியமாக இருக்கமாட்டான். ரகசியம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 3-ந் தேதி, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், ஜெயில் சட்டப் புஸ்தகங்களில் ஜாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை எல்லாம் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. இன்ன ஜாதியான் சமைக்கலாம், இன்ன ஜாதியான் கக்கூஸ் கழுவ வேண்டும் என்று சுயராஜ்யம் வந்து எழுபத்தேழு வருஷம் வரை விதி இருந்திருக்கின்றது! நம் பாளையங்கோட்டை ஜெயிலில் ஜாதிவாரியாகக் கைதிகளை அடைத்ததும் அந்த வழக்கில் சந்தி சிரித்தது. சண்டை வராமலிருக்க அப்படிச் செய்வதாக சர்க்கார் சொன்னதை ஒரு காலத்தில் நம் ஐக்கோர்ட்டே ஒப்புக்கொண்டிருந்தது. அதுவும் தப்பு என்று ஆகிவிட்டது. காகிதத்தில் போன ஜாதி, வார்டர் வாயிலிருந்தும் போயிற்றா என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் ஜெயிலில் வகுப்பு வைத்தால் பெஞ்சில் உட்காருகிறவன் யார், அந்த வகுப்பைப் பெருக்குகிறவன் யார் என்ற கேள்வி முதல் நாளே வரும். எல்லாத் தொகுதியிலிருந்தும் கலந்து உட்கார வைப்பதாக இருந்தால் வகுப்பு வையுங்கள். பாளையங்கோட்டை ஏற்பாட்டைப் பாடசாலைக்குள் கொண்டுவருவதாக இருந்தால் அது பாடசாலையே அல்ல.

ஆகவே நாம் கேட்பது என்ன? சிதம்பரத்து ஆசிரியர்கள் மாதம் இரண்டு நாளாவது நேரில் கடலூர் ஜெயிலுக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். தபாலில் வரும் புஸ்தகம் மாத்திரம் ஆசிரியர் ஆகாது. அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிப்பது எவ்வளவு வருஷத்தைத் தின்னும் என்பது நமக்குத் தெரியும். கைதிக்குக் கொடுக்கும் படிப்பு எதுவானாலும் மானியக் கமிஷன் அங்கீகாரம் உள்ள படிப்பாக இருக்க வேண்டும். அண்ணாமலை சர்வகலாசாலையின் தபால் படிப்புகளுக்கு 2014-15-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று 2022-ல் அந்தக் கமிஷன் விளம்பரமே போட்டது. வெளியே இருந்தவர்கள் பதறிக்கொண்டு ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் ஓட முடிந்தது. ஜெயிலில் இருப்பவன் எங்கே ஓடுவான்? ஐந்து வருஷம் படித்து, செல்லாத காகிதத்தோடு வெளியே வந்தால் அது இரண்டாவது மோசடி ஆகும்.

விசாரணைக் கைதி எந்த நாளில் ஜாமீனில் போவான் என்று தெரியாதாகையால் அவனை வகுப்பில் சேர்ப்பதில் பிரயோஜனம் இல்லை என்பார்கள். எத்தனையோ பேர் வருஷக் கணக்காக ஜாமீன் இல்லாமல் இருக்கிறார்களே, அந்த வருஷங்கள் யாருக்குப் பிரயோஜனம்? 2021 முதல் மானியக் கமிஷனே பாட மதிப்பெண்களைச் சேர்த்து வைக்கும் பாங்கி ஒன்று ஏற்படுத்தியிருக்கின்றது. ஒரு இடத்தில் முடித்த பாடத்தை வேறு இடத்தில் கணக்கில் வைத்துக் கொள்ளலாம். சிறு சிறு பாடமாகப் பிரித்து, மூன்று மாதத்தில் முடித்ததும் அந்தப் பாங்கியில் போட்டுவிட்டால், விடுதலையானவன் வெளியே மீதியைப் படிப்பான். பரீட்சைக்கு முந்தின வாரம் கைதியை வேறு ஜெயிலுக்கு மாற்றும் வழக்கம் எங்கே இருந்தாலும் ஒழிய வேண்டும். சாயங்காலம் கொட்டடி பூட்டின பிறகு படிக்க ஒரு விளக்கு வேண்டும். பரீட்சை ஜெயிலுக்குள்ளேயே நடக்கட்டும், ஆனால் கொடுக்கும் சர்டிபிகேட்டில் ஜெயில் பேர் இருக்கலாகாது. அதைக் கொண்டுபோய் வேலை கேட்கிறவனிடம், நெற்றியில் சூடு போட்டு அனுப்பின மாதிரி ஒரு காகிதத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கல்லூரிக்கு மனுப் போடுவதென்றால் இப்போது கம்ப்யூட்டரில்தான் போட வேண்டுமாம். கேப்பர் மலைக்காரனுக்குக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கின்றது? அடுத்த ஜூன் மாத வகுப்புக்கு, தமிழில் அச்சிட்ட காகித மனு ஐந்நூறும், அதை நிரப்பிக் கொடுக்க இரண்டு குமாஸ்தாவும் சிதம்பரத்திலிருந்து புறப்படட்டும்; பஸ் சத்தம் போக வர நூறு ரூபாய்க்கு மேல் அதிகம் ஆகாது.